புது லேப்டாப்புக்கு முன்னாடி ஒரு தடவை செட்டிங்ஸைத் திறங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

மே மாசம், மதியம் ரெண்டு மணி. புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கத்துல எங்க சித்தி வீடு. வெளியில தென்னை மட்டை ஒண்ணுகூட அசையல. உள்ள, தம்பி ஜிடிஏ ஃபைவ் ஆடிட்டு இருக்கான். திரையில கார் ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது. வளைவுல திரும்பும்போது படம் ஒரு நொடி உறைஞ்சு நின்னுட்டு, மறுபடி வரும்போது கார் சுவத்துக்குள்ள இருக்கு.

"அக்கா, இது செத்துருச்சு. புதுசுதான் வாங்கணும்"ங்கிறான். ஒரு சர்வீஸ் கடையில காட்டியிருக்கான், அவங்களும் "போர்டு வீக் ஆயிருச்சு"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சித்தி அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "எழுபதாயிரம் ஆகுமாம்மா. படிக்கிற புள்ளைக்கு லேப்டாப் இல்லாம எப்படி? செயினை வைக்கலாம்னு இருக்கேன்"னு சொன்னாங்க.

அந்தச் செயினைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியக்காலை கஜா புயல் எங்க பக்கத்தைக் கடந்தப்போ, வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி சுத்துவட்டாரத்துல தென்னையும் பலாவும் வேரோட விழுந்துச்சு. கரண்ட் வர நாள்கணக்கா ஆச்சு. அப்ப பேங்க்ல வச்ச செயின் அது. மீட்டு எடுக்க நாலு வருஷம் ஆச்சு. அதை மறுபடி கொண்டுபோய் வைக்கப் போறாங்க, ஒரு கேம் திக்கித் திக்கி ஓடுதுங்கிறதுக்காக.

நான் சொன்னேன், "ரெண்டு நாள் குடுங்க சித்தி, நான் பார்க்குறேன்." அந்த ரெண்டு நாள்ல என்ன பார்த்தோம், எதைக் குறைச்சோம், எது வேலை செஞ்சுது, எது செய்யலங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஸ்மூத்துன்னா என்ன?

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். கேம்ல நீங்க பார்க்கிறது வீடியோ இல்ல. ஒவ்வொரு படத்தையும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும், உங்க கம்ப்யூட்டர் அந்த நொடியில புதுசா வரையுது. ஒரு நொடிக்கு எத்தனை வரையுதோ அதுதான் எஃப்பிஎஸ். 60 எஃப்பிஎஸ் வேணும்னா ஒரு படத்தை வரைய கிடைக்கிற நேரம் 16.7 மில்லிசெகண்ட். 30 போதும்னா 33.3 மில்லிசெகண்ட். அவ்வளவுதான் கணக்கு. கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல நீங்க செய்யிற எல்லா மாற்றமும் இந்த நேரத்துக்குள்ள வேலையை முடிக்க வைக்கிற முயற்சிதான்.

ஆனா எல்லாரும் விடுற ஒரு இடம் இருக்கு. சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்து ஏமாந்துடக் கூடாது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க. "திருச்சிக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்"னு சொல்லுவாங்க. கணக்குப் போட்டா சரியாத்தான் இருக்கும். ஆனா மூணு பஸ் ஒண்ணா வரும், அப்புறம் அரை மணி நேரம் ஒண்ணும் வராது. நமக்குக் கோபம் வர்றது அந்த அரை மணி நேரத்துலதான். கேம்லயும் அதேதான். ஒரு நொடியில 50 படம் வேகமா வந்துட்டு, ஒரே ஒரு படம் மட்டும் 150 மில்லிசெகண்ட் எடுத்துக்கிட்டா, கவுண்டர் 50-ன்னு காட்டும், கண்ணு திக்குதுன்னு சொல்லும். கண்ணு சொல்றதுதான் சரி. சீரா வர்ற 30, ஏறி இறங்குற 50-ஐ விட ஆடுறதுக்கு நல்லா இருக்கும். தம்பி இதை ஒத்துக்க அரை நாள் ஆச்சு.

நம்ம ஊர்ல இது புதுப் பிரச்சினையும் இல்ல. 2011 செப்டம்பர்ல விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சுது. மூடியில முதலமைச்சர் படம் போட்ட அந்த லேப்டாப் ப்ளஸ் டூ பசங்க கைக்கு வந்த வேகத்துலயே பென் டிரைவ்ல வைஸ் சிட்டியும் சான் ஆன்ட்ரியாஸும் வந்து இறங்கிடுச்சு. ஆரம்ப கால லேப்டாப்கள்ல 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அதுலயும் அந்த கேம்கள் ஓடுச்சு, ஏன்னா அதெல்லாம் 2003, 2005-ல கம்ப்யூட்டருக்கு வந்த கேம்கள். அந்த செட்டிங்ஸ்ல "ஃப்ரேம் லிமிட்டர்"னு ஒண்ணு இருந்தது ஞாபகம் இருக்கா? அதை ஆஃப் பண்ணா கேம் பறக்கும்னு கிளாஸ்ல ஒருத்தன் கண்டிப்பா சொல்லியிருப்பான். பறக்கும்தான். ஆனா சான் ஆன்ட்ரியாஸ்ல தண்ணிக்குள்ள நீந்தினா ஆள் நகரவே மாட்டான். காரணம், அந்தக் காலத்து கேம்ல சில அசைவுகளோட கணக்கு ஃப்ரேம் வேகத்தோட கட்டிப் போட்டு இருந்துச்சு. அந்த லிமிட்டர் வேலையில்லாம வச்சது இல்ல. இன்னைக்கும் ஒரு கேம்ல எஃப்பிஎஸ்ஸை ஏத்தின பிறகு ஏதாவது விநோதமா நடந்தா, இதை நினைச்சுக்கங்க.

எங்க அடைக்குதுன்னு முதல்ல கண்டுபிடிங்க

செட்டிங்ஸைத் திறந்ததும் எல்லாத்தையும் "லோ"வுக்கு இழுக்குறதுதான் எல்லாரும் செய்யிறது. தம்பியும் செஞ்சிருந்தான். படம் அசிங்கமாச்சு, திக்கல் அப்படியே இருந்துச்சு. எது அடைக்குதுன்னு தெரியாம எதைக் குறைச்சும் பிரயோஜனம் இல்ல.

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கங்க. உள்ள சமையல்காரர், வெளியில பரிமாறுற ஆள். பந்தி தாமதமாகுதுன்னா ரெண்டுல யார் காரணம்? சாப்பாடு ரெடியா இருந்தும் இலைக்கு வரலைன்னா, இன்னும் நாலு சமையல்காரரைக் கூட்டிட்டு வந்து என்ன ஆகப் போகுது? கேம்ல சிபியு, யார் எங்க நிக்கிறாங்க, எந்தக் கார் எங்க திரும்புது, எதையெல்லாம் வரையணும்னு முடிவு பண்ணும். ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப், அதைப் புள்ளி புள்ளியா வண்ணம் பூசி வரையும். ரெண்டுல மெதுவா இருக்கிறவர் வேகம்தான் உங்க எஃப்பிஎஸ்.

சோதிக்க எளிய வழி இருக்கு. கேம்ல ஒரே இடத்துல நில்லுங்க. எஃப்பிஎஸ் எவ்வளவுன்னு பாருங்க. ஸ்டீம்லயே கவுண்டர் இருக்கு, விண்டோஸ் கீயோட ஜி அழுத்தினா வர்ற கேம் பார்லயும் இருக்கு. இப்ப ரெசல்யூஷனை மட்டும் அடியோட குறைங்க, வேற எதையும் தொடாதீங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா, அடைப்பு ஜிபியுல. ஏறவே இல்லைன்னா, அடைப்பு வேற எங்கயோ: சிபியு, ராம், ஹார்ட் டிஸ்க், இல்லைன்னா சூடு. இந்த ஒரு சோதனை உங்களுக்கு ரெண்டு நாளை மிச்சம் பண்ணும்.

இன்னொண்ணு. கேமிங் லேப்டாப் வச்சிருக்கிறவங்க இதைக் கண்டிப்பா பாருங்க. உங்க மெஷின்ல ரெண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும், ப்ராசஸரோட ஒட்டினது ஒண்ணு, தனி கார்டு ஒண்ணு. சில நேரம் கேம் தெரியாத்தனமா சின்னதுல ஓடிக்கிட்டு இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே, அதுக்குள்ள கிராஃபிக்ஸ், அங்க அந்த கேமைத் தேர்ந்தெடுத்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" குடுங்க. எழுபதாயிரம் குடுத்து வாங்கின கார்டு தூங்கிக்கிட்டு இருக்கிறதை நானே ரெண்டு வீட்டுல பார்த்திருக்கேன்.

தம்பியோடது ரைசன் 5 3500யு ப்ராசஸர், தனி கார்டு இல்ல, ஒட்டின வேகா 8 கிராஃபிக்ஸ்தான். 1920×1080-ல ஒரே இடத்துல நின்னப்ப 25-ஐ ஒட்டி. 1280×720-க்கு இறக்கினா 40-க்குப் பக்கத்துல. ஆக ஜிபியுலயும் அடைப்பு இருக்கு. ஆனா காரை எடுத்து ஓட்டினா, 720-லயும் அதே திக்கல். அப்ப ரெண்டாவது நோய் ஒண்ணும் இருக்கு.

எதைக் குறைக்கலாம், எதை விடலாம்

ரெசல்யூஷன்ல இருந்து ஆரம்பிக்கலாம். 1920×1080-ல மொத்தம் 20,73,600 புள்ளி. அதையே நொடிக்கு 60 தடவை வரைஞ்சா பன்னெண்டு கோடிக்கு மேல. 1600×900 வச்சா 14,40,000 புள்ளி. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வேலை குறைஞ்சுது. 1280×720-ல 9,21,600, பாதிக்கும் கீழ. வேற எந்த ஒரு செட்டிங்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டாது. படம் கொஞ்சம் மங்கும், உண்மைதான். சில கேம்ல "ரெண்டர் ஸ்கேல்"னு தனியா இருக்கும். அதுல கேம் உலகம் மட்டும் குறைஞ்ச அளவுல வரையப்படும், எழுத்தும் மேப்பும் பளிச்சுன்னு இருக்கும். அது இருந்தா அதையே பயன்படுத்துங்க. புது கேம்கள்ல எஃப்எஸ்ஆர் இருக்கும். 2021-ல ஏஎம்டி கொண்டுவந்தது, மத்த கம்பெனி சிப்லயும் ஓடும். சின்னதா வரைஞ்சு பெருசா காட்டுற வேலையைக் கொஞ்சம் புத்திசாலித்தனமா செய்யும்.

அடுத்தது நிழல். என்னைக் கேட்டா, முதல்ல கை வைக்க வேண்டியது இதுலதான். ஏன் நிழலுக்கு இவ்வளவு செலவுன்னா, சூரியன் இருக்கிற இடத்துல நின்னு பார்த்தா என்னென்ன தெரியும்னு கம்ப்யூட்டர் இன்னொரு தடவை காட்சியை வரைஞ்சு பார்க்கணும். எது தெரியலையோ அது நிழல்ல இருக்கு. அதாவது ஒரு படத்துக்கு ரெண்டு மூணு படம் வரையிற வேலை. சிபியு, ஜிபியு ரெண்டும் இதுல கஷ்டப்படும். "வெரி ஹை"ல இருந்து "நார்மல்" போனா வேகமா ஆடும்போது வித்தியாசமே தெரியாது. ஜிடிஏல அட்வான்ஸ்டு பக்கத்துல நீள நிழல், தூர நிழல்னு தனித்தனியா இருக்கு. எல்லாத்தையும் அணைங்க.

எம்எஸ்ஏஏ. ஓரங்கள் படிக்கட்டு மாதிரி தெரியாம வழவழப்பாக்குற வேலை. ஒரு புள்ளிக்கு நாலு இடத்துல சாம்பிள் எடுக்கும், அதனால மெமரியும் அந்த அளவுக்கு வீங்கும். ஒட்டின கிராஃபிக்ஸ் வச்சிருக்கிறவங்க இதைத் தொடவே கூடாது. பதிலா எஃப்எக்ஸ்ஏஏ போடுங்க. வரைஞ்சு முடிச்ச படத்து மேல லேசா தேய்ச்சு விடுற மாதிரிதான் அது, செலவு மிகக் குறைவு.

புல். சிரிக்காதீங்க. ஜிடிஏ ஃபைவ்ல நகரத்துக்குள்ள 60 வரும், ஊரைத் தாண்டி மலைப் பக்கம் போனதும் பாதியாகும். காரணம் "கிராஸ் குவாலிட்டி". ஒவ்வொரு புல்லும் தனித்தனியா, நிழலோட. அல்ட்ரால இருந்து நார்மலுக்குக் கொண்டு வந்தா மலைப் பக்கமும் நகரம் மாதிரியே ஓடும். நகரத்துக்குள்ள மட்டும் சோதிச்சுப் பார்த்துட்டு "எல்லாம் சரி"ன்னு முடிவு பண்ணாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். அந்த கேம்லயே பெஞ்ச்மார்க் இருக்கு, செட்டிங்ஸ் மாத்தின பிறகு ஒவ்வொரு தடவையும் அதை ஓட விடுங்க.

தூரத்துக் காட்சி, அதாவது டிஸ்டன்ஸ் ஸ்கேலிங். திருச்சி ரோட்டுல வரும்போது நார்த்தாமலை எப்படித் தெரியும்? தட்டையா ஒரு பாறை உருவம். கிட்டப் போகப் போகத்தான் பாறை வெடிப்பும், மேல இருக்கிற விஜயாலய சோழீச்சரமும் கண்ணுக்கு வரும். கேமும் அப்படித்தான் பொய் சொல்லும். தூரத்துல இருக்கிற வீட்டுக்கு மோட்டாவான உருவம், கிட்ட வந்தா நுணுக்கமான உருவம். எந்தத் தூரத்துல உருவத்தை மாத்தணும்ங்கிறதுதான் அந்த ஸ்லைடர். ஏத்தினா சிபியுக்கு பாரம். அதோட சேர்ந்த இன்னொண்ணு "பாப்புலேஷன் டென்சிட்டி", தெருவுல எத்தனை பேர், எத்தனை கார். சிபியு அடைச்சா இந்த ரெண்டையும் பாதிக்கு இழுங்க. ரெசல்யூஷனைக் குறைச்சும் ஏறாதவங்களுக்கு மருந்து இங்கதான் இருக்கு.

இப்ப டெக்ஸ்ச்சர். இதைப் பத்தித்தான் பெரிய தப்பு நம்பிக்கை. சித்தன்னவாசல் போயிருப்பீங்க. பாறை ஒண்ணு, அதுக்கு மேல பூசின தாமரைக் குளத்து ஓவியம் இன்னொண்ணு. கேம்ல பாறைங்கிறது வடிவம், ஓவியங்கிறது டெக்ஸ்ச்சர். ஓவியம் எவ்வளவு நுணுக்கமா இருந்தாலும் அதை வச்சுக்க மெமரியில இடம் இருந்தா வேகம் பெருசா குறையாது. அதனால தனி கார்டுல 4 ஜிபி, 6 ஜிபி மெமரி வச்சிருக்கிறவங்க டெக்ஸ்ச்சரை "லோ" போட்டு விளையாடுறது சும்மா கண்ணுக்குத் தண்டனை. ஆனா இடம் இல்லைன்னா கதை வேற. இருக்கிறதை வெளியில தள்ளி, புதுசை உள்ள இழுத்து, அந்த நேரத்துல படம் உறையும். ஜிடிஏ செட்டிங்ஸ் பக்கத்துல மேலேயே ஒரு மெமரி பட்டை இருக்கும், அது சிவப்பாகாம பார்த்துக்கங்க.

மோஷன் பிளர், ஃபிலிம் கிரெயின், டெப்த் ஆஃப் ஃபீல்டு, இதெல்லாம் ரசனை. நான் அணைச்சிடுவேன். அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்னு வாயில நுழையாத பேர்ல ஒண்ணு இருக்கு, அதைக் குறைக்காதீங்க. கீழ ராஜ வீதி முனையில நின்னு பார்த்தா தெரு நேரா நீண்டு போறது தெரியுமில்லையா, அந்த மாதிரி தூரமா படுத்துக் கிடக்கிற ரோடு மங்காம இருக்கிறது இதனாலதான். செலவு குறைவு. ஒட்டின கிராஃபிக்ஸ்ல 4 வைங்க, தனி கார்டுல 16.

கிழியுற படமும் விசிங்க்கும்

திரை பாதியில வெட்டுப்பட்ட மாதிரி, மேல் பாதி ஒரு படம், கீழ் பாதி வேற படம்னு தெரியும். இதுக்கு டியரிங்னு பேரு. சாதாரண லேப்டாப் திரை நொடிக்கு 60 தடவை மேல இருந்து கீழ படத்தைப் புதுப்பிக்கும். நடுவுல கேம் புதுப் படத்தைக் குடுத்தா ரெண்டும் கலந்துடும். விசிங்க் போட்டா, திரை முடிக்கிற வரைக்கும் கேம் காத்திருக்கும். கிழியாது. ஆனா உங்க மெஷின் 16.7 மில்லிசெகண்ட்ல முடிக்க முடியாம 18 எடுத்துக்கிட்டா, அந்த பஸ்ஸை விட்டாச்சு, அடுத்த பஸ் 33.3-ல தான். 55 வந்துக்கிட்டு இருந்தது திடீர்னு 30 ஆகும், மறுபடி 60, மறுபடி 30. இந்தக் குதிப்புதான் திக்கலாத் தெரியும். கூடவே மவுஸ் அசைவுக்கும் திரை அசைவுக்கும் நடுவுல ஒரு தாமதம். வேலரன்ட் மாதிரி சுடுற கேம் ஆடுறவங்க அதனாலதான் விசிங்க்கைத் தொட மாட்டாங்க.

உங்க மெஷினால 60-ஐத் தாக்குப் பிடிக்க முடியலைன்னா, 30-ல கட்டிடுங்க. 60 ஹெர்ட்ஸ் திரையில 30 சரியா வகுபடும், ஒவ்வொரு படமும் ரெண்டு தடவை தெரியும், சீரா இருக்கும். ஜிடிஏ ஃபைவ்ல விசிங்க்குக்கு "ஹாஃப்"னு ஒரு தேர்வு இருக்கு, அது இதுக்குத்தான். 45-ல கட்டினா வகுபடாது, சில படம் ஒரு தடவை, சில படம் ரெண்டு தடவைன்னு நொண்டும்.

ராம்: ஒரு ஸ்டிக்கா, ரெண்டு ஸ்டிக்கா

இனி தம்பியோட ரெண்டாவது நோய். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல மெமரியைப் பார்த்தோம். மொத்தம் 8 ஜிபி. "ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2". ஒரே ஸ்டிக்.

ஒட்டின கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அதே ராமைத்தான் பங்கு போட்டுக்கும். 8-ல ஒரு பங்கை கிராஃபிக்ஸ் எடுத்துக்கிச்சு. மிச்சத்துல விண்டோஸ், கேம், பின்னாடி குரோம்ல பதினாலு டேப். எண்ணினேன், பதினாலு. இடம் தீர்ந்ததும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அப்புறமா எடுத்து வரும். கேமும் அதே ஹார்ட் டிஸ்க்லதான் இருந்துச்சு. காரை வேகமா ஓட்டும்போது அடுத்த தெருவை கேம் டிஸ்க்ல இருந்து இழுக்கணும், அதே நேரம் விண்டோஸும் அதே டிஸ்க்ல முட்டி மோதுது. கார் சுவத்துக்குள்ள போனதுக்கு இதுதான் காரணம். போர்டு இல்ல.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரு ஸ்டிக் இருந்தா மெமரிக்குப் போற பாதை ஒத்தையடிப் பாதை. டிடிஆர்4 2400 ஸ்டிக் ஒண்ணு நொடிக்கு 19.2 ஜிபி கடத்தும், ரெண்டா போட்டா 38.4. சாதாரண வேலைக்கு இது பெருசா தெரியாது. ஆனா ஒட்டின கிராஃபிக்ஸ் மெமரி வேகத்தையே நம்பி இருக்கிறதால, அதுக்கு இது கார்டையே மாத்தின மாதிரி.

இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கினோம். அப்ப ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள கிடைச்சுது. இப்ப ராம் விலை ஏறியிருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கங்க. உங்க லேப்டாப்ல ரெண்டாவது ஸ்லாட் இருக்கா, ராம் போர்டோட ஒட்டினதாங்கிறதையும் முதல்ல பாருங்க. அப்புறம் கேமை எஸ்எஸ்டிக்கு மாத்தினோம். நூறு ஜிபி சுமார், எஸ்எஸ்டி 256 ஜிபிதான், அதனால தம்பி சேர்த்து வச்சிருந்த சில சினிமாக்களுக்கு விடை குடுக்க வேண்டியதாப் போச்சு.

மே மாசத்து வெயில்

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சோம். காலையில ஆறு மணிக்கு 720-ல 60 தொட்டு ஓடுச்சு. தம்பி குதிக்கிறான். மதியம் அதே கேம், அதே செட்டிங்ஸ். முதல் பத்து நிமிஷம் சரி. அப்புறம் 50, 42, 35.

முதல்ல நல்லா ஓடி, போகப் போக இறங்கினா, சந்தேகமே வேண்டாம், சூடு. சிப் 95, 100 டிகிரியை நெருங்கினா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். சூடு எப்பவும் அதிகமான இடத்துல இருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும், ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமா. ஏசி ரூம்ல 24 டிகிரி காத்தை இழுக்கிற ஃபேனும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ 38 டிகிரி காத்தை இழுக்கிற ஃபேனும் ஒண்ணு இல்ல. அந்த 14 டிகிரி அப்படியே சிப்போட தலையில ஏறும். யூட்யூப்ல யாரோ வெளிநாட்டுக்காரர் இதே லேப்டாப்ல இவ்வளவு எஃப்பிஎஸ் வருதுன்னு காட்டினா, அவர் ரூம் எவ்வளவு குளிர்ச்சின்னு அவர் சொல்ல மாட்டார்.

தம்பி லேப்டாப்பை எங்க வச்சு ஆடுறான்? தலையணை மேல. காத்து உள்ள போற ஓட்டை அடியிலதான் இருக்கு. எடுத்து மர டேபிள்ல வச்சு, பின்பக்கம் ரெண்டு சோப்பு டப்பாவை முட்டுக் குடுத்தோம். அடுத்த நாள் பின்மூடியைக் கழட்டினா, ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவுல செம்மண் தூசி மெத்தை மாதிரி படிஞ்சு கிடக்கு. ஆஃப் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, ஃபேன் இறக்கை சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு ஊதித் தள்ளினோம். பழைய தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துச்சு, துடைச்சுட்டுப் புதுசு வச்சோம். பழக்கம் இல்லாதவங்க இதைத் தெரிஞ்ச ஆளை வச்சு செய்யுங்க. வாரன்டி இருந்தா திறக்காதீங்க.

எஃப்பிஎஸ்ஸைக் கட்டுறதுக்கு இன்னொரு பலன் இங்கதான் இருக்கு. 30-ல கட்டினா, மெஷின் ஒரு படத்தை முடிச்சுட்டு அடுத்ததுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விடும். சூடு குறையும், அதனால மூணு மணி நேரம் ஆனாலும் 30-லேயே நிக்கும்.

கரண்ட் போனா திடீர்னு திக்குதுன்னு கேக்குறவங்களுக்கு: அது கோளாறு இல்ல. பேட்டரியில ஓடும்போது லேப்டாப் மின்சாரத்தைச் சிக்கனம் பண்ணும், சிப் வேகம் இறங்கும். செட்டிங்ஸால அதைப் பெருசா மாத்த முடியாது. சேவ் பண்ணிட்டு வெளியில வாங்க.

லேக் வேற, ஃப்ரேம் டிராப் வேற

நம்ம பசங்க ரெண்டையும் "லேக் அடிக்குது"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாங்க. ஆன்லைன் கேம்ல எதிராளி திடீர்னு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவினா, நீங்க சுட்டது படாம போனா, ஆனா உங்க கேமரா மட்டும் வழவழன்னு திரும்பினா, அது நெட் பிரச்சினை. பிங் பாருங்க. கிராஃபிக்ஸை எவ்வளவு குறைச்சாலும் அது மாறாது. ஹாட்ஸ்பாட்டை விட்டுட்டு கேபிள் போடுங்க, சர்வர் தேர்வு இருந்தா மும்பையா சிங்கப்பூரான்னு பாருங்க. கேமராவைத் திருப்பும்போதே திக்கினா மட்டும்தான் இன்னைக்கு நாம பேசினது எல்லாம்.

கடைசியா தம்பி என்ன வச்சிருக்கான்னு நிறைய பேர் கேப்பீங்க, சொல்லிடுறேன். பகல்ல 1600×900, விசிங்க் ஹாஃப், 30. ராத்திரி பத்து மணிக்கு மேல, காத்து கொஞ்சம் குளிர்ந்த பிறகு, 1280×720, விசிங்க் ஆன், 60. ரெண்டுலயும் டெக்ஸ்ச்சர் ஹை, நிழல் நார்மல், புல் நார்மல், எம்எஸ்ஏஏ ஆஃப், எஃப்எக்ஸ்ஏஏ ஆன், கூட்டம் பாதி, அட்வான்ஸ்டு பக்கத்துல எல்லாம் ஆஃப். குரோம் மூடியாச்சு.

மொத்தச் செலவு ராமும் பேஸ்ட்டும். சித்தி ஒரு தடவை வந்து திரையைப் பார்த்தாங்க, கார் மலைப் பாதையில திக்காம இறங்கிக்கிட்டு இருந்துச்சு. "இப்ப நல்லாத்தானே ஓடுது, அப்புறம் ஏன்டா எழுபதாயிரம்னு சொன்ன?"ன்னு அவன் தலையில ஒண்ணு வச்சுட்டு, அடுப்படிக்குப் போயிட்டாங்க. செயின் கழுத்துல இருந்துச்சு.